தெற்குப் பார்த்த ஜன்னல்

சுத்தியலைக் கையில் எடுத்தவன் நேரே தம்பி வீட்டுப் பக்கம்தான் நடந்தான்.

"ஐயோ, வேணாங்க! என்ன இருந்தாலும் கூடப் பொறந்தவர்!" மனைவி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுடி. எனக்கு இப்ப மானமும் இல்ல, ரோஷமும் இல்ல."

பெரியவன் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சை அவள் கேட்டதே இல்லை. பிடி தானாகத் தளர்ந்தது.

உள்ளறையில் அப்பா கிடந்தார். மூன்று கம்பளி, அதற்கு மேல் மருமகளின் பழைய கோட்டு. இத்தனை போர்த்தியும் கால் இரண்டும் பச்சைத் தண்ணீராகச் சில்லிட்டிருந்தன. டாக்டர் நேற்றே கையை விரித்துவிட்டார்.

"கொஞ்சம் வெயில் காட்டுப்பா." காலையிலிருந்து இதே பேச்சு. "கால்ல பட்டாப் போதும். வேற ஒண்ணும் கேக்கலை."

இந்த வெயிலுக்காகத்தானே அவன் அன்றைக்குத் தெருவே கூடும்படி சண்டை போட்டான்!

போன கோடையில் அப்பாவை அழைத்துக்கொண்டு ஊரைவிட்டுக் கடல் தாண்டி வந்தபோது, முன்னாலேயே வந்து நிலைத்திருந்த சின்னவனோடு சேர்ந்துதான் இந்த வீட்டை வாங்கினான். நடுவில் தடுத்து ஆளுக்குப் பாதி என்று பேச்சு. சின்னவனுக்கு நாளெல்லாம் கூரை மேல் ஏறி ஓடு மாற்றுகிற வேலை. வெயிலில் கருத்த முகம் இன்னும் கருக்க, "தெற்குப் பக்கம் எனக்குத்தான், வடக்கை நீ எடுத்துக்கோ!" என்று ஒரே பிடியாக நின்றான்.

"அப்பாவை வச்சிருக்கறவன் நான். வெயில் வர்ற பக்கத்தை உனக்குத் தூக்கிக் கொடுத்துட்டு, நாங்க குளிர்ல விறைக்கணுமா?"

"அண்ணா, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"நீ ஒரு மண்ணும் சொல்ல வேணாம்!"

பெரியவன் தெற்கைப் பறித்துக்கொண்டான். நடுக்கதவில் கையோடு ஆணியும் அடித்துவிட்டான். அப்புறம் சின்னவன் இரண்டு தடவை வாசலில் வந்து நின்றான். கதவு திறக்கவில்லை.

இப்போது குளிர்காலம். எதிர்வீட்டுச் சுவரில் வெயில் பளீரென்று அடிக்கிறது. இவன் ஜன்னலுக்கு ஒரு கீற்றுக் கிடையாது. கட்டிலை ஜன்னலோரம் தள்ளிப் பார்த்தான். திரைச்சீலையைப் பிய்த்தே எறிந்தான். அப்பாவின் காலில் நிழல்தான் விழுந்தது.

ஊசி போட வந்த நர்ஸம்மா சிரித்துவிட்டாள். "தெற்குப் பார்த்த ஜன்னல்ல உக்காந்துக்கிட்டு வெயிலைத் தேடறீங்களே!"

"தெற்குலதானேம்மா வரணும்? எங்க ஊர்ல குளிர் மாசத்துல சூரியன் தெற்கால சாய்ஞ்சு, நடுக்கூடம் வரைக்கும் வெயில் வந்து உக்காருமே!"

"அது பூமியோட நடுக்கோட்டுக்கு மேல இருக்கற ஊரு. நாம இருக்கறது கோட்டுக்கு ரொம்பக் கீழ. இங்கேருந்து பாத்தா சூரியன் வடக்காலதான் தாழ்வாப் போகும். உருண்டைதானே பூமி? எல்லா வாசலுக்கும் ஒரே மாதிரியா படியளக்கும்?"

"கோடையில இந்த ஜன்னல்லயும் வெயில் வந்துதே!"

"கோடையில அது தெற்கால சுத்தி உதிச்சு, தெற்கால சுத்தி மறையும். காலைலயும் சாயந்திரமும் ஓரமா எட்டிப் பாக்கும். நடுப்பகல்ல என்னிக்காவது பாத்தீங்களா?"

எங்கே பார்ப்பது? காலையில் போய்ப் பொழுது சாய வருகிற கிடங்கு வேலை.

அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது குரலைத் தாழ்த்தினாள். "காட்டறதுன்னா இன்னிக்கே காட்டிடுங்க."

அப்புறம்தான் அவன் சுத்தியலை எடுத்தான்.

தான் அடித்த ஆணிகளைத் தானே ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். கடைசி ஆணி வந்ததும் கதவு மறுபக்கம் இழுபட்டுத் திறந்தது. வெயில் வெள்ளமாகப் பாய்ந்து அவன் முழங்கால் வரை வந்தது. அதன் நடுவில் சின்னவன் நின்றிருந்தான்.

"டேய், உன் கால்ல வேணும்னாலும் விழறேன். அப்பா கட்டிலை இங்க போட்டுக்கறேண்டா, செத்த நேரம்."

சின்னவன் விடுவிடுவென்று உள்ளே போய்க் கட்டிலின் தலைமாட்டைப் பிடித்தான். பெரியவன் கால்மாட்டைப் பிடித்தான். நிலைப்படியில் இடித்து, சாய்த்து, ஒருவழியாக இழுத்துப் போட்டார்கள். கம்பளியை விலக்கியதும் இரண்டு பாதத்திலும் வெயில் முழுசாக விழுந்தது.

அப்பா கண்ணைத் திறக்கவில்லை. கால் விரல்கள் மட்டும் மெல்ல விரிந்தன.

பெரியவன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். "நானும் ஏமாந்தேன், நீயும் ஏமாந்துதான் தெற்கைக் கேட்டே. நல்ல பக்கம் உனக்கு அமைஞ்சது உன் அதிர்ஷ்டம்டா."

சின்னவன் அப்பாவின் பாதத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இந்த வெயில் அப்பாவுக்குக் கிடைக்கட்டும்னுதான் தெற்கை எனக்குக் கேட்டேண்ணா."