பதினான்காம் நம்பர் ஸ்பானர்

"இன்னொரு பையையும் வெளியே இழு தங்கப்பா! எல்லாரும் பாக்கட்டும்!"

ராஜஸ்ரீ போட்ட கத்தலில் தகரக் கொட்டகையே அதிர்ந்தது. விழிஞ்ஞம் துறைமுகத்தில் படகு இன்ஜின் பழுது பார்க்கும் தங்கப்பன் கால்சட்டைப் பைகளைப் புரட்டிக் காட்டினான். ஒரு பீடிக்கட்டு, ஒரு பஸ் டிக்கெட், அவ்வளவுதான்.

சுவரில் மாட்டியிருந்த பலகையில் ஒவ்வொரு கருவியின் உருவமும் வெள்ளை பெயிண்டில் வரைந்திருந்தது. பதினான்காம் நம்பர் ஸ்பானர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. கருவியை எடுப்பவர் அந்த இடத்தில் தன் டோக்கனை மாட்ட வேண்டும். தங்கப்பனின் ஆறாம் நம்பர் டோக்கன் அங்கே ஒழுங்காகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"டோக்கன் மாட்ட மறக்கலை. ஸ்பானரைத் திருப்பி வைக்க மட்டும் மறந்துடுத்தாக்கும்! எங்கேடா வச்சே?"

"ஓர்மையில்ல சேச்சி. காலையில டயர் வேலைக்கு எடுத்தேன். பின்ன எங்க வச்சேன்னு..."

கொட்டகையில் நிற்கும் டகோட்டா நாளைக் காலை ஒன்பது மணிக்குப் பறக்க வேண்டும். ஒரு காலத்தில் பயணிகளைச் சுமந்த, எண்பது வயதான புரொப்பெல்லர் விமானம். பன்னிரண்டு பேர், காலணா சம்பளமில்லாமல், ஏழு வருஷம் உழைத்து அதற்கு உயிர் கொடுத்திருந்தார்கள். நாளை அதை ஓட்டப் போகிறவள் ராஜஸ்ரீயின் ஒரே மகள் ஆர்யா.

பலகைக்கு மேலே சிவப்பு எழுத்தில் ஒரு விதி. 'ஒரு கருவி குறைந்தாலும் எல்லா மூடிகளையும் திறந்து தேட வேண்டும்.' விமானத்துக்குள் விழுந்து கிடக்கும் ஒரு ஸ்பானர் போதும், பறக்கும்போது எங்காவது சிக்கி எல்லாரையும் கீழே தள்ளிவிடும். முப்பது வருஷம் விமானப் பராமரிப்பு இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற ராஜஸ்ரீ தன் கையாலேயே எழுதியது. கடவுளே வந்து கேட்டாலும் தளர்த்த மாட்டாள்.

"நூத்தியிருபது மூடி மேடம்!" வங்கிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்த சுனில் தலையில் கை வைத்துக்கொண்டான். "இன்னிக்குக் காலையிலதானே அத்தனையும் மூடி முடிச்சோம்?"

"மூடினது எனக்கும் தெரியும். தொறங்கோ!"

அவள் குடியிருக்கும் வலியசாலையில் அவள் கோபம் பிரசித்தம். இந்தத் தங்கப்பனைச் சேர்த்ததே தப்பு. செவ்வாய்க்கிழமை, வால் பக்கம் ஏதோ முனகுகிறது, திறந்து பாருங்கள் என்று நாள் முழுக்க நச்சரித்தான். "அது நானே மாட்டி, நானே கையெழுத்துப் போட்டது. இது உன் வள்ளமில்லை, விமானம்!" என்று விரட்டினாள். இன்றைக்கு ஸ்பானரைத் தொலைத்துவிட்டு மரம் மாதிரி நிற்கிறான்.

போன் அடித்தது. ஆர்யா.

"அம்மா, நாளைக்கு ஒம்பது மணிதானே? எல்லாம் ஓகேயா?"

"ஓகே ஆனா சொல்றேன். போனை வைடீ!"

மத்தியானம் ஆளுக்கு நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்தார்கள். தங்கப்பனின் எவர்சில்வர் தூக்கு மட்டும் மூடியபடியே படியில் இருந்தது.

"அதையாவது தின்னுட்டுத் தொலையேன்!"

"வேண்டாம் சேச்சி, விசப்பில்ல."

"கொழுப்பு!" என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் அடுத்த திருகாணியைக் கழற்றினாள்.

இறக்கைகளைத் திறந்தார்கள், இல்லை. அடிவயிற்றைத் திறந்தார்கள், அங்கேயும் இல்லை. நான்கு மணிக்கு ராஜஸ்ரீயே டார்ச்சை எடுத்துக்கொண்டு வாலுக்குள் புகுந்தாள்.

அங்கேயும் ஸ்பானர் இல்லை. பழக்க தோஷத்தில், கையிலிருந்த துணியால் வாலுக்குப் போகும் கம்பியைத் துடைத்துக்கொண்டே நகர்ந்தாள். கம்பி ஓடும் கப்பிச் சக்கரத்தருகே துணி சிக்கிக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை.

டார்ச்சைக் கிட்டே கொண்டு போனாள். கப்பி சுழலாமல் இறுகிப்போயிருந்தது. அதில் உரசி உரசி, முறுக்குக் கம்பியின் இழைகள் பாதிக்கு மேல் அறுந்து முள்முள்ளாக நின்றன. விமானத்தைத் திருப்ப நாளைக்கு ஆர்யா காலால் மிதித்து இழுக்கப் போகிற கம்பி அது.

அவள் வெளியே வந்து டார்ச்சை நீட்டினாள். சுனில் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "என்டம்மோ!" என்றான். "ஸ்பானர் தொலைஞ்சதும் நல்லதுக்குத்தான் மேடம்!"

"என்னய்யா நல்லது? அதுல என் கையெழுத்து இருக்கு! நானே என் பொண்ணைக் கொல்ல இருந்தேன்!" துணியைத் தரையில் வீசியடித்தாள். யார்மேல் காட்டுவதென்று தெரியாத கோபம், பழைய இடத்துக்கே திரும்பியது. "ஸ்பானர் இன்னும் கெடைக்கலை. மூக்குப் பக்கம் பாக்கி இருக்கு. தொறடா தங்கப்பா!"

தங்கப்பன் மூக்குப் பக்கம் போகவில்லை. படிக்குப் போய்த் தன் தூக்கைத் திறந்தான். மரச்சீனிக்கிழங்கின் மேல் வாழையிலையில் சுருட்டி வைத்திருந்ததை எடுத்துப் பிரித்தான். நன்றாகத் துடைத்து, பலகையில் பதினான்காம் இடத்தில் மாட்டிவிட்டு, தன் டோக்கனைக் கழற்றிக்கொண்டான்.

ராஜஸ்ரீ பலகையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "காலையிலேர்ந்து... இத்தனை திட்டும் வாங்கிண்டு... இதை ஒளிச்சு வச்சுண்டா நின்னே? ஏன்டா?"

தங்கப்பன் அன்றைக்கு முதல்முறையாகக் கத்தினான்.

"நான் சொன்னா வாலைத் திறக்க மாட்டிய சேச்சி, ஸ்பானர் காணாமப் போனாத்தானே திறப்பிய!"