பேர் சொல்லாத போன்

பினாயில் பில் பாஸாகி, பணமும் கைக்கு வந்தாச்சு. அதற்கு அப்புறமும் சின்னவள் தினமும் தலை வாரி, பளிச்சென்று உடுத்திக்கொண்டு நகராட்சி ஆபீசுக்குக் கிளம்பினால், மாடியிலிருந்து பார்க்கிற ஓரகத்திக்கு எப்படி இருக்கும்?

வயிறு எரிந்தது.

பெரியவள் தையல் யூனிட் வைத்திருந்தாள். துப்புரவுப் பணியாளர்களுக்கு யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்து ஒரு வருஷமாகிறது. பணம் வந்தபாடில்லை. கேட்டால், துணி சாயம் போகிறது என்று புகாராம். ஒருநாள் போய்ச் சண்டை போட்டுவிட்டு, "இனிமே இந்த வாசலை மிதிக்க மாட்டேன், தானா வரட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். தானாக வர, பணத்துக்குக் கால் இருந்தால்தானே?

யூனிஃபார்முக்குக் கடனாகத் துணி கொடுத்த கடைக்காரர் வெள்ளிக்கிழமை வரை கெடு கொடுத்திருந்தார். அதற்குள் பாக்கி தீராவிட்டால் தையல் மெஷின்களை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அதே நகராட்சிக்குத்தான் சின்னவள் பினாயில் சப்ளை செய்கிறாள். அவளுக்கு மட்டும் பணம் வந்துவிட்டது. புது ஸ்கூட்டர் வேறு.

"அவ சிரிச்சுப் பேசியே காரியத்தைச் சாதிக்கிறா. எனக்கு அந்த வித்தை வராது" என்று புருஷனிடம் புலம்பினாள். உன் வேலையைப் பார் என்றுவிட்டார் அவர். தம்பி பெண்டாட்டியை ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதே!

புதன்கிழமை காலையில் அவள் அதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டாள். அந்த வழியாகப் போகையில், நகராட்சி வாசலில் துப்புரவுப் பெண்கள் நாலைந்து பேர் நின்றார்கள். சின்னவள் ஒருத்தியின் சட்டைக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காலரைத் தேய்த்தும் பார்த்தாள். பெரியவள் தைத்த சட்டை அது.

அடுத்த யூனிஃபார்ம் ஆர்டருக்கு அடி போடுகிறாள். பினாயில் போதாதாம், தையலும் வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்த கையோடு நகராட்சிப் புகார் நம்பருக்குப் போன் போட்டாள். பேர் கேட்டார்கள், சொல்லவில்லை.

"அந்தப் பினாயில்காரி தினமும் வந்து நிக்கிறாளே, அவ எந்த ஃபைலுக்காக வர்றாளோ அதை நிறுத்தி விசாரிங்க. அதுல ஏதோ கோல்மால் இருக்கு."

அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு ருசியாக இறங்கியது.

சாயங்காலம் சின்னவள் மாடியேறி வந்தாள். முகம் தொங்கிப்போயிருந்தது. பெரியவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்ன விஷயம் என்று கேட்டாள்.

"உங்ககிட்ட சொல்லாம ஒண்ணு செஞ்சுட்டேன்க்கா, கோவிச்சுக்காதீங்க. நீங்க ரோஷக்காரங்க, சொன்னா வேண்டாம்னுடுவீங்க. இத்தனை நாளா உங்க யூனிஃபார்ம் பில்லுக்குத்தான் நடந்துட்டிருந்தேன்."

சாயம் போகிறது என்றவர்களின் வாயை அடைக்க, ஒரு வருஷமாகத் துவைத்துப் போட்ட அதே சட்டையோடு அந்தப் பெண்களைக் கமிஷனர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாள். அவரும் பார்த்துவிட்டு, நாளைக்கே செக் கொடுக்கச் சொல்லிவிட்டார். ஃபைலில் கையெழுத்துப் போடப்போகிற நேரத்தில் அந்தப் போன் வந்திருக்கிறது.

"விசாரணை முடியற வரைக்கும் தர முடியாதுன்னு ஃபைலை மூடிட்டாங்கக்கா. வெள்ளிக்கிழமை மெஷினை எடுக்க வந்துடுவாரே" என்றாள். கண் கலங்கியிருந்தது.

பெரியவள் மேஜைமேல் இருந்த தன் போனைக் கவிழ்த்து வைத்தாள். "யாரு போன் பண்ணினதுன்னு தெரிஞ்சுதா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"குரல் பதிவாகியிருக்காம். அடையாளம் தெரியுதான்னு கேட்டுப் பாரும்மான்னாங்க. வேண்டாம்னுட்டேன்க்கா. பாவம், அவளுக்கும் எங்கயோ பணம் வராம வயிறு எரிஞ்சிருக்கும்."