ஒரு முழ அஸ்திவாரம்

பானையின் அடியில் இருந்த ஓட்டையில் ஊதுகுழலை வைத்து அவள் ஊதினாள்.

புகை உள்ளே போனது.

வைக்கோல், வறட்டித் துண்டு, பச்சை வேப்பிலை, ஆறு மிளகாய் வற்றல். பானையின் வாய் பொந்தின் வாயோடு பொருந்தியிருந்தது. விளிம்பைச் சுற்றிச் சேறு அப்பியிருந்தாள். ஓர் இழைகூட வெளியே கசியவில்லை.

எல்லாம் முறைப்படிதான். நேற்றுப் பொழுது சாயும்போது தோட்டத்தில் இருந்த ஐந்து பொந்துகளையும் மண்ணால் அடைத்து மிதித்தாள். காலையில் எது திறந்திருக்கிறதோ, அதில்தான் பெருச்சாளி குடியிருக்கிறது. நான்கு அப்படியே இருந்தன. சுவரோரத்துப் பொந்து திறந்திருந்தது. வாசலில் புதுமண். மண்ணில் பாதி கடித்த சிறுகிழங்கு.

பொங்கலுக்கு இருபது நாள். மகளுக்குத் தலைப்பொங்கல். பொங்கல்படிச் சீரோடு ஒரு பெட்டி சிறுகிழங்கு போக வேண்டும், வீட்டுக் கிழங்கு. மூன்று பாத்தியில் ஒன்றுதான் மிச்சம். மூங்கில் கிட்டிப் பொறி வைத்துப் பார்த்தாள். கிட்டியையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

ஊதினாள்.

அடைப்பை முட்டிக்கொண்டு வெளியே வந்தால் அடிப்பதற்குக் கம்பு வைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. எழுந்தாள். நான்கு அடைப்புகளையும் போய்ப் பார்த்தாள். விரிசல் இல்லை. வந்து உட்கார்ந்தாள். ஊதினாள். மறுபடி எழுந்தாள்.

இவ்வளவு புகையும் எங்கே போகிறது?

தலையைத் தூக்கினாள்.

சுவருக்கு மேலே, அந்தப் பக்கத்தில், மெலிதாக நீலம் படர்ந்திருந்தது.

சுவர் எழுப்பி ஆறு வருஷம். பாகம் பிரிக்கையில் ஒரு முருங்கை மரத்தில் தொடங்கிய சண்டை. மரம் மறு வருஷமே காற்றில் விழுந்துவிட்டது. சுவர் நின்றது. கொழுந்தன் கட்டிய சுவர். அஸ்திவாரம் ஒரு முழம்தான்.

பெருச்சாளி ஒன்றரை முழத்தில் போயிருந்தது.

அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். கொழுந்தன் மனைவி உலகம்மாள்.

பிறகு குழந்தை அழுதது.

பதினோரு நாள் குழந்தை. உலகம்மாளின் மகள் பெற்றது. பிள்ளை பிறந்தால் பகிரும் சீனி இந்தப் பக்கம் வரவில்லை. அழுகையைக் கேட்டு இவளே நாள் எண்ணிக்கொண்டாள்.

குழந்தை கிடப்பது சுவரை ஒட்டிய சாய்ப்பு அறையில். சுவர் வருவதற்கு முன்னால் இவளும் அங்கேதான் மகளைப் பெற்றுக் கிடந்தாள். மண்தரை. பதினாறு நாள் கழியாமல் தொட்டில் கட்ட மாட்டார்கள். அதுவரை பிள்ளை தரையில்தான், பழந்துணியில்.

பெருச்சாளிக்கு இங்கே வழி இல்லை. எல்லா வழியையும் அவளே அடைத்துவிட்டாள்.

ஊதுகுழலை எறிந்தாள். அடி ஓட்டையை உள்ளங்கையால் பொத்தினாள். சுட்டது. இனிப் பொத்தி என்ன? உள்ளே போன புகை திரும்பி வராது.

சொல்ல வேண்டும்.

ஆறு வருஷமாக அவர்கள் இருவரும் பேசியதெல்லாம் கோழியிடமும் ஆட்டிடமும்தான். இவள் கோழியைத் திட்டுவாள். அது சுவர் தாண்டி உலகம்மாளிடம் போய்ச் சேரும். உலகம்மாள் ஆட்டைத் திட்டுவாள். அது இங்கே வந்து சேரும்.

வாய் அந்தப் பழக்கத்திலேயே திறந்தது.

"ஏ கோழி, பெருச்சாளி வருதுளா! குஞ்சத் தரையில விடாத, தூக்கு!"

அந்தப் பக்கம் ஆட்டுக்குத் திட்டு கிடைத்தது.

"கேட்டியா ஆடே, பச்சப்பிள்ள கெடக்க வீட்டுல புகையும் போட்டுட்டு, நமக்குப் பெருச்சாளின்னு பேரும் வைக்காவ! அந்த நாக்கு அழுவிரும்!"

குழந்தை வீறிட்டது. தாழ்வாக, தரையிலிருந்து வந்தது அந்த அழுகை. இன்னும் யாரும் தூக்கவில்லை.

அவள் கோழியைப் பார்த்தாள். அது பாட்டுக்கு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

தொண்டையில் ஒரு பெயர் இருந்தது. ஆறு வருஷம் அதை வெளியே விட்டதில்லை. யாரிடம் சொன்னாலும் 'அந்தப் பக்கத்தாள்' என்றுதான் சொல்லி வந்தாள்.

"உலகு!"

மற்றக் கையால் சுவரைத் தட்டினாள்.

"உலகு, ஒன்னத்தாம்ளா! பிள்ளையத் தூக்கு!"

ஓடும் காலடி. கதவு. அழுகை தரையை விட்டு மேலே எழுந்தது. விக்கியது. அடங்கியது.

அவள் கை பானையிலேயே இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

சுவருக்கு அருகில் குரல் வந்தது. ஆட்டிடம் அல்ல.

"யக்கா, ஊதாத. ஆறு வருசமா ஊதுனது பத்தாதாக்கும்? செத்தப் பொறு. இங்கன ரெண்டு பொந்து கெடக்கு. ஒண்ணு பிள்ளைக்குத் தலமாட்டுல."

தண்ணீர் ஊற்றும் சத்தம். மண் குழைக்கும் சத்தம். பிறகு மிதி.

ஒன்று, என்று எண்ணினாள்.

இரண்டாவதற்கு நேரமானது. உள்ளங்கையை மாற்றி வைத்தாள். காதைச் சுவரில் வைத்தாள். எடுத்தாள்.

மிதி.

"ம். இப்ப ஊது."

ஊதுகுழலைத் தேடி எடுத்தாள். மண்ணைத் துடைத்து ஓட்டையில் வைத்து ஊதினாள். சாம்பல்தான் முகத்தில் திரும்பி அடித்தது. இவ்வளவு நேரம் பொத்தியிருந்ததில் நெருப்பு அவிந்திருந்தது.

திரும்பிப் பார்த்தாள். பத்தடியில் அவளுடைய அடுப்பு. உலை கொதித்துக்கொண்டிருந்தது. கீழே நல்ல தணல்.

சுவர் பக்கம் திரும்பினாள்.

"உலகு," என்றாள். "ஒரு கங்கு தாயேன்."