நாற்பத்திரண்டாம் பக்கம்

"நாப்பத்திரண்டாம் பக்கத்துல பேசுற அம்மா யாரு?"

வேறு கல்லூரியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஆய்வேட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சமூகவியல் முதுகலையின் கடைசிப் படி இந்த வாய்மொழித் தேர்வு. இதில் தேறிவிட்டால் ஆய்வு நிறுவனத்தில் வேலை தயார். கோட்டை விட்டால் அந்த வேலை வேறு யாருக்கோ போய்விடும். ஒரு வாரமாக அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, தேர்வாளர்போல் கேள்வி கேட்கச் சொல்லிப் பழகியிருந்தாள். அம்மா கேட்காத கேள்வி இது ஒன்றுதான்.

"பேர் சொல்லக் கூடாது சார். அப்படி வாக்குக் குடுத்துட்டுத்தான் அவங்ககிட்ட பேசவே ஆரம்பிச்சேன்."

"எனக்கே பாடம் நடத்தாதம்மா" என்றவர், அந்தப் பக்கத்தை உரக்கப் படித்தார். "'எங்க வீட்டுக்காரர் காலேஜ் வாத்தியார். ஆணும் பெண்ணும் சமம்னு மேடையில ஒரு மணி நேரம் பேசுவாரு. வீட்டுக்கு வந்தா, கால்கிட்ட கிடக்கிற துண்டை எடுக்கக்கூட என்னைத்தான் கூப்பிடுவாரு.'"

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கல்லூரிக்குப் பின்னால இருக்கிற தெருவுலதானே விசாரிச்சே? நானும் அங்கதான் குடியிருக்கேன்."

பக்கத்தில் இருந்த துறைத் தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர்தான் அவளுடைய வழிகாட்டி. "யாரும் கேக்காமலே நீங்களா போய் மாட்டிக்கிறீங்களே சார்."

"சிரிக்காதீங்க. வீட்ல ரெண்டு வாரமா முகம் குடுத்துப் பேசல. ஏன்னு இப்பத்தானே புரியுது." அவள் பக்கம் திரும்பினார். "எங்க வீட்டுக்கு வந்தியா இல்லையா, அதையாவது சொல்லு. நீலக் கலர் கேட்டு. மாடிப்படி வெளியிலேயே இருக்கும்."

"யார் வீட்டுக்குப் போனேன், யார் வீட்டுக்குப் போகலைங்கிறதும் சொல்லக் கூடாது சார்."

அவர் முகம் கடுத்தது. "இதெல்லாம் நீயே உக்காந்து ஜோடிச்சு எழுதலைன்னு நான் எப்படி நம்புறது? ஒரே ஒரு பேரு சொல்லு. மார்க்கைப் போட்டுட்டுக் கிளம்பிடுறேன். இல்லேன்னா நம்பகத்தன்மை இல்லைன்னு எழுதிட்டுப் போயிடுவேன்."

வேலை கைநழுவிப் போய்விடுமோ என்று அவள் பயந்தாள். அடுத்த நொடி, அந்த அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. 'இது அவர் காதுக்குப் போயிடாதேம்மா' என்று எத்தனை தடவை கேட்டிருப்பார். வேலை போனால் போகட்டும் என்று தோன்றியதும் பயம் இருந்த இடம் தெரியவில்லை.

"ஜோடிச்சிருந்தா எப்படிச் செஞ்சேன்னு கேட்டா தடுமாறுவேன் சார். பேரை விட்டுட்டு வேற என்ன வேணாலும் கேளுங்க."

அவரும் விடவில்லை. வீடுகளை எப்படிப் பொறுக்கினாய் என்றார்.

"ஏழாவது வீடா வந்ததெல்லாம் எடுத்தேன். எனக்குத் தெரிஞ்ச வீடு, தெரியாத வீடுன்னு பாக்கல."

"'உங்க கணவர் உதவி பண்றாரா'ன்னு நேரா கேட்டா முடிஞ்சதே?"

"அப்படிக் கேட்டா எல்லாரும் 'ஆமா'ன்னு சொல்லிடுவாங்க சார். அதனால, நேத்துக் காலைல எழுந்ததுல இருந்து என்னென்ன செஞ்சீங்கன்னு கேட்டேன். நடுவுல நான் பேசல."

"கணவரை வெச்சுக்கிட்டுக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா அவர்தான் பதில் சொல்லியிருப்பாரு."

துறைத் தலைவர் மறுபடி சிரித்தார். தேர்வாளர் கேட்க அவள் சொல்ல, மேசை மேல் வைத்த காப்பி ஆறிப்போனது. ஒரு கேள்விக்கும் அவள் தடுமாறவில்லை. கடைசியில் அவர் ஒரு பெருமூச்சோடு பேனாவைத் திறந்து எழுதினார்.

"கெட்டிக்காரிதான். எண்பத்தஞ்சு போட்டிருக்கேன். போற இடத்துலயும் இப்படியே இரு."

அவளுக்கு எழுந்து நடனமாட வேண்டும்போல இருந்தது. கைகூப்பியதோடு நிறுத்திக்கொண்டாள்.

தேர்வாளர் கையெழுத்து காய்வதற்குள் கைப்பேசியோடு கிளம்பிவிட்டார். வாசலில் அவர் குழைவது அறைக்குள்ளே தெளிவாகக் கேட்டது. "நான்தான் பேசுறேன். பாத்திரமெல்லாம் அப்படியே போட்டு வை, நான் வந்து கழுவுறேன்... உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்."

துறைத் தலைவர் சிரித்துச் சிரித்துக் கண்ணில் வந்த நீரைத் துடைத்தார்.

"பாவம் மனுஷன். நாங்கூட அந்தப் பக்கத்தைப் படிச்சப்பவே நெனச்சேன், யாரோ ஒருத்தர் இப்படியும் இருக்காரேன்னு. அந்தம்மா எவ்வளவு நொந்து போயிருந்தா முன்னப் பின்னத் தெரியாத உங்கிட்ட இதைக் கொட்டியிருப்பாங்க."

"ஆமா சார். ரொம்ப நொந்துதான் போயிருந்தாங்க."

நீலக் கலர் கேட்டுப் போட்ட வீட்டில் அவள் போனபோதெல்லாம் பூட்டுதான் தொங்கியது. நாற்பத்திரண்டாம் பக்கத்து அம்மா, இதோ எதிரில் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருப்பவரின் மனைவி.