ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த ஆயில்?

“ஸ்போர்ட்ஸ் காருக்கு நல்ல கெட்டியான ஆயிலா கொடுங்க மேடம்.”

“அப்போ 10W-60 தான் சார்.”

போன வாரம் நடந்த இந்தப் பேச்சு, ஆயில் கடையில் புதிதாகச் சேர்ந்திருந்த காசாளருக்கு நன்றாக நினைவிருந்தது. கேட்டவர் வாங்காமலே போய்விட்டார். இன்று மறுபடியும் வந்து நின்றார்.

“லேசான ஆயில் வேணும் மேடம். 5W-30.”

“போன வாரம் கெட்டியா கேட்டீங்களே சார்?” என்றாள் முதலாளியம்மா.

“வேலைக்குப் போய் வர்ற வண்டிதானே? லேசானதே போதும்.”

காசாளருக்குத் தலை சுற்றியது. ஒரே வாரத்தில் ஒரு காருக்குக் குணம் மாறுமா?

“காலையில ஸ்டார்ட் பண்ணினா இன்ஜின் டக்டக்னு அடிச்சுக்குது மேடம்.”

ஆயில் டப்பாவை எடுத்த முதலாளியம்மாவின் கை அப்படியே நின்றது. வாசலில் நின்ற தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்தாள்.

“சாவி என்கிட்ட இருக்கு. கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போன மனுஷனுக்கு அந்தச் சத்தம் எப்படிக் கேட்டுச்சு?”

காசாளர் வாயைப் பிளந்தார். சாரும் மேடமும் புருஷன் பெண்டாட்டியா!

“தினமும் தெருமுனையில நின்னு, நீ கிளம்பறதைப் பார்த்துட்டுத்தான் போறேன். ஆமா, கெட்டி ஆயில் ஊத்தினா அப்படித்தான் அடிச்சுக்கும். அதுல போய் யார் அதை ஊத்தினது?”

“நீங்கதானே சொன்னீங்க!”

“உன்கிட்டப் பேச ஒரு சாக்கு வேணும்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதையா ஊத்துவே?”

“நீங்க சொன்னா நம்பித் தொலைக்கிறேனே! இப்போ யார் மாத்துறது?”

“நான் மாத்தறேன்” என்றவர், தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“மாத்திட்டு... நான் நம்ம வீட்டுலேயே இருந்துடட்டுமா?”