எதிர்த்தவர் ஒருவர்

"நான் இதை எதிர்க்கிறேன்!"

"சார், இன்னும் கூட்டமே ஆரம்பிக்கலையே" என்றார் துணைவேந்தர்.

"ஆரம்பிங்க. அப்புறம் எதிர்க்கிறேன்."

நீள மேஜையைச் சுற்றியிருந்த பேராசிரியர்கள் மொத்தமாகப் பெருமூச்சு விட்டார்கள். பல்கலைக்கழகக் கல்விக்குழுவில் எல்லோரையும் அவரவர் பாடத்தின் பெயரால்தான் கூப்பிடுவார்கள். தத்துவப் பேராசிரியருக்கு மட்டும் தனிப் பெயர்: ஆட்சேபணை. ஜன்னலைத் திறந்தால் எதிர்ப்பார். மூடினால் அதற்கும் எழுந்து நிற்பார்.

"போன கூட்டத்துல நூலகத்தை ஞாயித்துக்கிழமையும் திறக்கணும்னு சொன்னேனே..." என்றார் ஆட்சேபணை.

"அது தள்ளுபடி ஆயிடுச்சு சார்." பதிவாளர் வாயைத் திறந்தால் இரும்பு நாற்காலியைத் தரையில் இழுக்கிற சத்தம்தான் வரும். "விதிப்படி அதை மறுபடி எடுக்க முடியாது."

"அதாவது" என்று தொடங்கினார் துணைவேந்தர். அந்த வார்த்தை இல்லாமல் அவருக்கு மூச்சே வராது. "அதாவது, வேலைக்குப் போறவங்களுக்காக மாலை வகுப்பு நடத்துறோம். அதாவது, பாடம் எடுக்க ஆள் இல்லை. அதாவது, மூடிடலாமான்னு..."

மேஜையின் கோடியில் கணித விரிவுரையாளர் எழுந்தார். மாலை வகுப்பை இத்தனை நாளும் ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டிருக்கிற பெண்.

"மூட வேண்டாம் சார். தொடர்ந்து நடத்தணும். அதுதான் என் தீர்மானம். பஸ் ஓட்டுறவர் வர்றார். நர்ஸ் வர்றாங்க. துணிக்கடையில நாள் பூரா நின்ன காலோட பொண்ணுங்க வர்றாங்க. இன்னும் ஒரு வருஷம் தாண்டினா பட்டம். ஆளுக்கு வாரத்துல ஒரு வகுப்பு எடுத்தாப் போதும்."

மேஜையில் இருந்த அத்தனை பேருக்கும் திடீரென்று அவரவர் பேனா மூடி ரொம்ப சுவாரசியமாகிவிட்டது.

பொருளாதாரம் தொண்டையைச் செருமியது. "கொள்கை அளவில் வரவேற்கிறேன். ஆனா சாயங்காலமானா எனக்கு முதுகு வலி."

வேதியியல் மூக்கால் பேசியது. "எனக்கு மாமியார் இருக்காங்க."

அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் தன் பக்கம் திரும்பிவிடுமே!

விரிவுரையாளர் கடைசி நம்பிக்கையாக ஆட்சேபணையைப் பார்த்தார். நேற்றுதான் அவர் வீட்டுக்கே போய், "நீங்க ஒரு வார்த்தை பேசணும் சார்" என்று கேட்டுவிட்டு வந்திருந்தார். காபி கொடுத்த அவர் மனைவி, "அவர் பார்த்துப்பார், நீ கவலைப்படாதே" என்றார். அவரும் "பேசறேம்மா" என்றார்.

பேசினார்.

"இந்தத் தீர்மானத்தை நான் வன்மையா எதிர்க்கிறேன்!"

விரிவுரையாளர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நாள் முழுக்க உழைச்சுட்டு வர்றவனைத் தூங்க விடாம பாடம் எடுக்கத் தனித் தெம்பு வேணும். நம்ம லட்சணத்துக்குப் பகல்லயே பாதி வகுப்பு தூங்குது. பொருளாதாரம் பாடம் எடுத்தா மின்விசிறியே கண் அசந்துடும்."

"என்ன சார் பேசறீங்க!" பொருளாதாரம் விருட்டென்று நிமிர்ந்து நின்றது. முதுகு வலி போன இடம் தெரியவில்லை.

"உள்ளதைத்தான் சொல்றேன். உங்களால முடியாது. வேதியியலால சுத்தமா முடியாது. இந்த மேஜையில ஒருத்தராலயும் முடியாது. பேசாம மூடிட்டு வீட்டுக்குப் போங்க."

"யாரைப் பார்த்து முடியாதுங்கறீங்க? செவ்வாய்க்கிழமை என் வகுப்பு! எழுதிக்கோங்க பதிவாளர் சார்!"

"வியாழக்கிழமை எனக்கு!" என்றது வேதியியல், மூக்கு சிவக்க.

"உங்க மாமியார்?" என்றார் ஆட்சேபணை.

"அவங்களையும் கூட்டிட்டு வந்து முதல் பெஞ்சுல உட்கார வைக்கிறேன்! யார் தூங்குறாங்கன்னு பார்த்துடலாம்!"

வரலாறு மேஜையைத் தட்டிப் புதன்கிழமையைப் பிடித்தது. வெள்ளிக்கிழமைக்கு இயற்பியலும் தாவரவியலும் அடித்துக்கொண்டன.

"அதாவது, திங்கட்கிழமை நானே..." என்றார் துணைவேந்தர்.

ஓட்டெடுப்பு. "ஆதரவு?" என்று நாற்காலியை இழுத்தார் பதிவாளர். மேஜை முழுக்கக் கைகள் முளைத்தன.

"எதிர்ப்பு?"

ஒரே ஒரு கை. விறைப்பாக.

கூட்டம் முடிந்ததும் விரிவுரையாளர் தாழ்வாரத்தில் அவரை வழிமறித்தார்.

"பேசறேன்னு சொல்லிட்டு இப்படியா சார் பேசுவீங்க? என் பிள்ளைங்க உங்களுக்கு என்ன பாவம் பண்ணினாங்க? உங்களையும் மீறித்தான் இன்னிக்கு ஜெயிச்சிருக்கோம்."

"ஆமாம்மா. வாழ்த்துகள்."

"உங்க வாழ்த்து ஒண்ணும் வேண்டாம்!"

பதில் சொல்வதற்குள் ஆட்சேபணையின் செல்போன் அலறியது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் அவர் போனில் யார் பேசினாலும் தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்.

"என்னங்க, அந்தப் பொண்ணு விஷயம் என்னாச்சு?" அவர் மனைவியின் குரல்.

"பாஸ் ஆயிடுச்சு. வகுப்பெடுக்கப் போட்டி போட்டு அடிச்சுக்கிறாங்க."

"அப்பாடா! நூலகத்துக்குப் பண்ணின மாதிரி இதையும் ஆதரிச்சுக் கெடுத்துடுவீங்களோன்னு காலையிலேருந்து பயந்துட்டே இருந்தேன்!"