தொய்ந்த கயிறு

அனஹேராவின் கத்தல் முதலில் வந்ததா, தன் கால் ஐஸில் இறங்கியது முதலில் நடந்ததா என்பது ரேவினுக்கு இன்றுவரை நிச்சயமில்லை.

சில நாள் நினைவில் கத்தல் முந்திக்கொள்ளும். சில நாள் கால்.

மற்றதெல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது. டனீடின் நகரில் ஒரு குளிர்காலக் காலை. பெரியவர்களுக்கென்று ஒதுக்கிய நேரம். ஐஸ் சறுக்கும் ரிங்கில் மூன்றே பேர்: ரேவின், அவளுக்கு ஸ்கேட்டிங் கற்றுத்தரும் அனஹேரா, தடுப்புக்கு அப்பால் போர்வையும் தேநீருமாகத் தோழி நோலீன்.

ரேவினுக்கு அப்போது ஐம்பத்துமூன்று வயது. நாற்பதைத் தாண்டிய பிறகுதான் முதல் தடவை ஸ்கேட் மாட்டினாள். மற்ற தாவல்களெல்லாம் ஒரு மாதிரி வந்துவிட்டன. ஆக்சல் மட்டும் வரவில்லை. முகம் முன்னோக்கி இருக்க எழும்பி, காற்றில் ஒன்றரைச் சுற்று சுற்றி, ஒற்றைக் காலில் பின்னோக்கி இறங்க வேண்டும். அந்த அரைச் சுற்று நான்கு வருடமாக அவளைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தது.

இந்தக் குளிர்காலத்தோடு குதிப்பதை நிறுத்திவிடும்படி முழங்கால் மருத்துவர் சொல்லியிருந்தார்.

"தோள் ஒரு மாதிரி இழுக்குது, ரேவின். இன்னைக்குத் தூண்டில் வேணாமே," என்றாள் அனஹேரா.

தூண்டில் என்பது ரிங்கில் எல்லோரும் வைத்த பெயர். ஒரு நீளக் கழி, நுனியில் கயிறு, கயிற்றின் முடிவில் இடுப்புவார். கற்பவர் வாரை மாட்டிக்கொண்டு குதிப்பார். கழியைப் பிடித்தபடி கூடவே சறுக்கி வரும் பயிற்சியாளர், சரியான நொடியில் மேலே தூக்கிக்கொடுப்பார்.

"ஒண்ணே ஒண்ணு," என்றாள் ரேவின். சொல்லும்போதே கொக்கியை மாட்டியாயிற்று.

"இவ 'ஒண்ணே ஒண்ணு' எனக்குத் தெரியாதா? அடியே, என் டீ ஆறுறதுக்குள்ள முடி," என்று நோலீன் சிரித்தாள். ரேவினின் கைப்பேசி அவள் கையில் படமெடுக்கத் தயாராக இருந்தது.

ரேவின் பின்னோக்கி வந்தாள். திரும்பினாள். இடது காலில் சாய்ந்து எழும்பினாள்.

காற்றில் உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்தது. அது நன்றாகத் தெரிந்தது. விழுந்து பழகிய உடம்பு, விழுவதற்குத் தயாராகிவிட்டது.

விழவில்லை. சுற்று முடிந்தது. வலது கால், யாரோ பார்த்து இறக்கி வைத்தது போல, ஐஸில் அமர்ந்தது.

பின்னால் அனஹேராவின் குரல். அவளும்தான் நான்கு வருடம் காத்திருந்தாள், கத்தாமல் என்ன செய்வாள் என்று ரேவின் நினைத்தாள். அப்படித்தான் நினைத்ததாக நினைவு.

கைகளை விரித்தாள். காலி இருக்கைகளைப் பார்த்துத் தலை தாழ்த்தி வணங்கினாள்.

பிறகு நோலீனிடம் கேட்டாள்: "எடுத்தியா?"

நோலீன் கைப்பேசியைத் தாழ்த்திவிட்டு, ரேவினுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அனஹேரா மண்டியிட்டிருந்தாள். தோள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. வலது கை வேறு யாருடையதோ போலத் தொங்கியது. ரேவின் அவளிடம் விரைந்தபோது, இடுப்பில் கட்டியிருந்த கயிறு கழியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தது.

ஆம்புலன்சில் ஏற்றும்போது அனஹேரா இடது கையால் அவள் சட்டையைப் பற்றினாள்.

"கயிறு தொய்வாத்தான் இருந்துச்சு. நீங்களாத்தான் இறங்குனீங்க. கேக்குதா?"

ரேவின் தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்து நோலீன் எடுத்த படத்தைப் போட்டாள். சத்தத்தை அடைத்துவிட்டுத்தான் போட்டாள். கயிறு கம்பி போல விறைத்து நின்றது. சரிந்த உடம்பு அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

படத்தின் ஓரத்தை வெட்டினாள். கழி போயிற்று. அனஹேராவும் போனாள். மிச்சமிருந்த கயிறு, வெள்ளைத் தடுப்பின் முன்னால் கண்ணுக்கே தெரியவில்லை. சத்தத்துக்குப் பதிலாகப் பியானோ இசை ஒன்றைச் சேர்த்து இணையத்தில் எல்லோரும் பார்க்கப் போட்டாள். முழுப் படத்தை அழித்தாள்.

அழிக்கும் முன் ஒரே ஒரு தடவை சத்தத்தோடு கேட்டிருக்கலாம். எது முதலில் என்று தெரிந்திருக்கும். கத்தல்தான் முதலில் என்றால், காற்றில் இருக்கும்போதே அது தன் காதில் விழுந்திருக்கும் என்பதும், அதைக் கேட்ட பிறகும் வணங்கினோம் என்பதும் தெரிந்திருக்கும்.

அவள் வேலை செய்யும் மருந்துக்கடையில் மற்றவர்கள் லாமிங்டன் கேக் வாங்கி வந்து கொண்டாடினார்கள். அவள் இரண்டு தின்றாள். குழந்தைகள் சிரிக்கச் சிரிக்க எத்தனையோ தடவை ஐஸில் விழுந்திருக்கிறாள். அப்போதெல்லாம் இப்படிக் கூசியதில்லை.

நோலீன் அடுத்த வருடம் மகளோடு இருக்க நெல்சன் நகருக்குப் போய்விட்டாள். அந்தக் காலையைப் பற்றி அவள் ஒருபோதும் பேசியதில்லை.

அனஹேராவுக்கு இரண்டு முறை அறுவை சிகிச்சை நடந்தது. வலது கை தோளுக்கு மேல் எழுவதில்லை. புதிதாக வரும் பெரியவர்களுக்கு நிற்கவும் நகரவும் கற்றுத்தருகிறாள்.

ரேவின் இப்போதும் போகிறாள். குதிப்பதில்லை. ஓரமாக வட்டம் போட்டுவிட்டு வந்துவிடுகிறாள்.

இந்த வயதில் முடியுமா என்று யாராவது தயங்கினால், அனஹேரா இடது கையால் கைப்பேசியை எடுத்து அந்தப் படத்தைக் காட்டுகிறாள்.

"ஐம்பத்துமூணு வயசுல. யாரும் பிடிக்கல, பாருங்க."

சொல்லும்போது அவள் ரேவின் பக்கம் திரும்புவதில்லை.